டொமைன் மெயிலில் கள்ளக் கையெழுத்து: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றில் எது, எந்த வரிசையில்?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர் ஒரு நாள் காலையிலேயே ஃபோன் செய்தார். ஹாம்பர்க்கில் இருக்கும் அவருடைய பையருக்கு, அதாவது சரக்கு வாங்கும் நிறுவனத்துக்கு, ஒரு மெயில் போயிருக்கிறது: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, நிலுவைத் தொகையை இனி இந்தக் கணக்கில் செலுத்துங்கள்." அனுப்புநர் இடத்தில் இவருடைய கம்பெனி முகவரி, ஓர் எழுத்துகூடப் பிசகாமல். பில் எண் எதுவும் குறிப்பிடாமல் இருந்ததால் அங்கே கணக்கு பார்க்கும் அம்மாவுக்குச் சந்தேகம் வந்து, ஃபோனில் கேட்டுவிட்டார். பணம் போகவில்லை. ஆனால் நண்பரின் குரலில் நடுக்கம் அடங்கவில்லை.

"ஏனுங்க தம்பி, பாஸ்வேர்டு திருடு போயிருச்சுங்களா? மாத்திட்டா சரியாயிருமுங்களா?"

பாஸ்வேர்டை மாற்றினோம். லாகின் பதிவுகளையும் பார்த்தோம், வெளியாள் யாரும் நுழைந்திருக்கவில்லை. பையரிடம் கேட்டு அந்த மெயிலின் முழுத் தலைப்பு வரிகளையும் (கடிதம் வந்த வழியைச் சொல்லும், திரையில் சாதாரணமாகத் தெரியாத வரிகள்) வாங்கிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கடிதம் இவருடைய சர்வர் பக்கமே வரவில்லை. எங்கோ ஒரு வாடகை சர்வரிலிருந்து நேராக ஹாம்பர்க் போயிருக்கிறது. இதைவிட என்னை உலுக்கியது இன்னொரு வரி. எஸ்பிஎஃப் சோதனையில், அதாவது அனுப்பிய சர்வருக்கு டொமைன் பெயரில் மெயில் அனுப்ப அனுமதி உண்டா என்று பார்க்கும் சோதனையில், அந்தக் கள்ள மெயில் தேறியிருந்தது.

நண்பரின் டொமைனில் எஸ்பிஎஃப் பதிவு இருந்தது, பிழையில்லாமலும் இருந்தது. அப்படியிருந்தும் ஏன் தேறியது என்பதற்கான பதில்தான் இந்தக் கட்டுரையின் பாதி. சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் சிறு நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எதில் தொடங்கி எங்கே போய் நிற்க வேண்டும் என்பது மறுபாதி. இது ஏதோ ஒரு பனியன் கம்பெனியின் தனிக் கவலை அல்ல. வியாபார மெயில்களை வைத்து நடக்கும் இத்தகைய மோசடிகளில் 2023ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 290 கோடி டாலர் பறிபோனதாக அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் புகார்கள் பதிவாகியிருக்கின்றன.

உறையில் ஒரு பெயர், தாளில் ஒரு பெயர்

மெயிலை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோகும் எஸ்எம்டிபி முறை 1982இல் வகுக்கப்பட்டது. அன்றைக்கு வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். அனுப்புகிறவர் சொல்லும் பெயரைச் சரிபார்க்க அதில் எந்த ஏற்பாடும் இல்லை. தபால் பெட்டியில் போடும் கடிதத்தின் பின்பக்கம் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் கேட்க மாட்டார். அதே நிலைதான்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மெயிலிலும் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று உறையின் மேல்: கடிதம் சேராவிட்டால் திருப்பி அனுப்புவதற்காக சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் முகவரி. மற்றொன்று உள்ளே இருக்கும் தாளில்: நம் திரையில் பெயரோடு தெரியும் முகவரி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உறையை சர்வர் பிரித்து எறிந்துவிடும், மனிதர் பார்ப்பது தாளை மட்டும்தான். திருடன் உறையில் தன் சொந்த டொமைனை எழுதினான், தாளில் நண்பரின் முகவரியை எழுதினான். எஸ்பிஎஃப் உறையை மட்டும் பார்த்தது. திருடனின் டொமைனுக்கு அவனே முறையாக எஸ்பிஎஃப் பதிவு வைத்திருந்தான். ஆகவே தேறியது.

எஸ்பிஎஃப்: வேண்டும், ஆனால் இதை நம்பித் தூங்க முடியாது

எஸ்பிஎஃப் என்பது டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன் விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் இணையப் பதிவேட்டில், ஒரே வரியில் போடும் பட்டியல். "என் டொமைன் பெயரில் இந்த இந்த ஐபி முகவரிகளிலிருந்துதான் மெயில் வரும்" என்ற அறிவிப்பு. 2006இல் வெளியான வரையறை 2014இல் திருத்தப்பட்டு இன்றைய வடிவம் பெற்றது. போடுவது சுலபம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். செலவு இல்லை. போடாமல் இருப்பதற்குக் காரணமே கிடையாது.

ஆனால் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. தாளில் உள்ள பெயரை அது பார்ப்பதே இல்லை என்பது முதல் ஓட்டை, மேலே சொன்னது. இரண்டாவது, கடிதத்தை ஒருவர் தானாகவே இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிட்டால் எஸ்பிஎஃப் உடைந்துவிடும். நீங்கள் ஆடிட்டரின் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறீர்கள், அவர் அதைத் தன் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்து வைத்திருக்கிறார். ஜிமெயில் பார்க்கும் ஐபி ஆடிட்டருடைய சர்வரின் ஐபி, உங்கள் பட்டியலில் அது இல்லை. நேர்மையான கடிதம் கள்ளக் கடிதம்போல நிற்கிறது. மூன்றாவது ஓட்டை நம் ஊரில் அதிகம்: மலிவு விலையில் வாங்கும் ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே சர்வரில், ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள். அந்த ஐபியை உங்கள் பட்டியலில் சேர்க்கிறீர்கள் என்றால், அதே சர்வரில் குடியிருக்கும் முன்பின் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கிறீர்கள். ஹோஸ்டிங் நிறுவனம் கண்டிப்பாக இருந்தால் தப்பித்தோம்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஒரு எஸ்பிஎஃப் பதிவைச் சரிபார்க்க அதிகபட்சம் 10 டிஎன்எஸ் தேடல்கள்தான் அனுமதி. மெயில் சேவை ஒன்று, பில் அனுப்பும் மென்பொருள் ஒன்று, விளம்பர மெயில் சேவை ஒன்று, எச்ஆர் மென்பொருள் ஒன்று என்று ஒவ்வொருவரும் "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி தருவார்கள். ஒவ்வொன்றும் உள்ளுக்குள் மூன்று நான்கு தேடல்களை இழுக்கும். பத்தைத் தாண்டிய கணத்தில் முழுப் பதிவும் பிழை என்றாகிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. பல மாதங்கள் கழித்து "எங்கள் மெயில் எல்லாம் ஸ்பேமுக்குப் போகிறதே" என்று தேடும்போதுதான் தெரியவரும்.

டிகிம்: கடிதத்தோடு பயணம் போகும் கையொப்பம்

எஸ்பிஎஃப் "எந்த வாசல் வழியாக வந்தாய்" என்று கேட்கிறது. டிகிம் கேட்பது "உன் மேல் யாருடைய முத்திரை இருக்கிறது" என்று. இந்த ஒரு வேறுபாட்டினால்தான் மூன்றில் அடித்தளமாக நான் டிகிமை வைக்கிறேன்.

2004இல் யாஹூ டொமைன்கீஸ் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது, மார்க் டெலானி வடிவமைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சிஸ்கோ இன்னொரு முறையை வைத்திருந்தது. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு அழியாமல் ஒன்றாகக் கலந்து 2007இல் டிகிம் என்ற பெயரில் இணையத் தரமாயின. இப்போது புழங்கும் வரையறை 2011ஆம் ஆண்டினுடையது.

வேலை செய்யும் விதம் இதுதான். ஒரு ஜோடி சாவி உருவாக்கப்படுகிறது. ரகசியச் சாவி அனுப்பும் சர்வரில் மட்டும் இருக்கும். பொதுச் சாவி உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டிருக்கும். மெயில் கிளம்பும்போது சர்வர் கடிதத்தின் உடல் பகுதிக்கு ஒரு ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஒரு சிறு குறியீடு, கணக்கிடுகிறது. அந்த ஹாஷையும், அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் போன்ற தலைப்பு வரிகளையும் சேர்த்து ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு, ஒரு கூடுதல் தலைப்பு வரியாகக் கடிதத்திலேயே செருகுகிறது. பெறுகிற சர்வர் டிஎன்எஸ்ஸிலிருந்து பொதுச் சாவியை எடுத்துச் சரிபார்க்கிறது. வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது. இடைவெளி, வரி மடிப்பு போன்ற சில்லறை மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும் "ரிலாக்ஸ்டு" முறை ஒன்று உண்டு. அதையே தேர்ந்தெடுங்கள், "சிம்பிள்" முறை காற்றடித்தாலே உடைந்துவிடும்.

கையொப்பம் கடிதத்தின் உள்ளேயே இருப்பதால் ஆடிட்டர் ஃபார்வர்டு செய்தாலும் அது கூடவே போகிறது. எந்த ஐபி வழியாகப் போனாலும் கவலையில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் சாவி இல்லை, ஆகவே ஷேர்டு ஹோஸ்டிங் ஓட்டையும் பெருமளவு அடைபடுகிறது. எஸ்பிஎஃப் உடையும் இந்த இரண்டு இடங்களிலும் டிகிம் தாங்குகிறது.

இங்கே "டிஜிட்டல் சிக்னேச்சர்" என்ற சொல்லால் வரும் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நண்பரிடம் விளக்கியபோது அவர் உடனே மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு யுஎஸ்பி டோக்கனை எடுத்துக் காட்டினார். "எங்கிட்ட ஏற்கனவே இருக்குதுங்களே தம்பி, கஸ்டம்ஸுக்கு இதுலதான கையெழுத்துப் போடறோம்?" அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் கீழ், உரிமம் பெற்ற நிறுவனங்கள் ஒரு தனி மனிதரின் பெயரில் தரும் சான்றிதழ். ஜிஎஸ்டி, வருமான வரி, கம்பெனிப் பதிவு எல்லாவற்றுக்கும் பயன்படுவது. டிகிம் சாவியை யாரும் சான்றளித்துத் தருவதில்லை, நீங்களே உருவாக்குகிறீர்கள். டொமைனின் டிஎன்எஸ் உங்கள் கையில் இருக்கிறது என்பதே அதற்கு அத்தாட்சி. ஒன்று மனிதரின் கையொப்பம், மற்றொன்று கம்பெனி முத்திரை. டிகிம் "இந்தக் கடிதம் இந்த டொமைனிலிருந்து புறப்பட்டது" என்று மட்டும் சொல்கிறது, எழுதியவர் முதலாளியா கணக்குப்பிள்ளையா என்று சொல்லாது.

சாவியின் நீளத்தில் சமரசம் செய்யாதீர்கள். 2012இல் வெளிவந்த ஒரு செய்தி எனக்கு மறப்பதில்லை. சக்கரி ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளருக்கு கூகுளிலிருந்து வேலைக்கு அழைப்பு மெயில் வந்தது. உண்மையான மெயில்தானா என்று தலைப்பு வரிகளைப் பார்த்தவர், கூகுள் வெறும் 512 பிட் டிகிம் சாவியில் கையொப்பமிடுவதைக் கண்டார். வேலைக்கு வைத்த பரீட்சைபோல என்று நினைத்து, வாடகைக்கு எடுத்த கிளவுட் கணினிகளில் சில நாட்களில் அந்தச் சாவியை உடைத்தார். நிறுவனர் ஒருவர் இன்னொரு நிறுவனருக்கு எழுதியதுபோல ஒரு மெயிலும் அனுப்பிப் பார்த்தார். பதில் வரவில்லை. இரண்டு நாளில் கூகுளின் சாவி மட்டும் 2048 பிட்டுக்கு மாறியிருந்தது. இத்தனைக்கும் 1024க்குக் குறையக் கூடாது என்று வரையறை அப்போதே சொல்லியிருந்தது.

இன்று 1024 பிட் என்பது அனுமதிக்கப்படும் குறைந்தபட்சம், அவ்வளவுதான். 2018இல் வந்த திருத்தம் 2048ஐப் பரிந்துரைத்தது, பழைய ஷா-1 ஹாஷை முற்றாகத் தடை செய்தது. 2048 பிட் சாவியைப் போடும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் இடம், சாவியோ ஏறக்குறைய 400 எழுத்து. இரண்டு துண்டாகப் பிரித்துப் போட வேண்டும். சில டொமைன் நிறுவனங்களின் பேனல் தானே பிரித்துக்கொள்ளும், சில அப்படியே வெட்டிவிடும். வெட்டப்பட்ட சாவி இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. இதனால்தான் "எங்கள் பேனல் ஏற்க மறுக்கிறது, 1024 போதும்" என்று சிலர் இறங்கிவிடுகிறார்கள். இறங்குவதைவிட டிஎன்எஸ்ஸை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது மேல். எட்25519 என்ற புதுவகைச் சாவி 44 எழுத்தில் அடங்கிவிடும், அழகானது. ஆனால் அதைச் சரிபார்க்கத் தெரியாத சர்வர்கள் இன்னும் உள்ளன. வேண்டுமானால் வழக்கமான ஆர்எஸ்ஏ வகைக் கையொப்பத்தோடு இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பக் கூடாது.

கையொப்பமிடும்போது உடலின் முதல் இத்தனை எழுத்துக்கு மட்டும் என்று நீளம் குறிக்கும் வசதி ஒன்று டிகிமில் இருக்கிறது. தொடவே தொடாதீர்கள். கையொப்பம் முடிந்த இடத்துக்குக் கீழே யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கலாம், கையொப்பம் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு இது சமம்.

கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, சோஹோ மெயில் போன்ற சேவைகளில் சாவியை அவர்களே உருவாக்கித் தருவார்கள். உங்கள் வேலை டிஎன்எஸ்ஸில் ஒட்டுவதும், திரும்பி வந்து அட்மின் பக்கத்தில் இயக்கிவிடுவதும். அந்த இரண்டாவது வேலையைத்தான் மறக்கிறார்கள். இயக்காதவரை கூகுள் உங்கள் மெயிலில் தன்னுடைய பொது டொமைன் பெயரில் கையொப்பமிடும், மைக்ரோசாஃப்ட்டும் அப்படியே. தலைப்பு வரியில் "டிகிம் பாஸ்" என்று தெரியும். நிம்மதியாக இருந்துவிடுவோம். ஆனால் முத்திரையில் இருப்பது உங்கள் டொமைன் அல்ல. நண்பரின் கதையும் இதுவேதான்: இரண்டு வருடமாகப் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் ஒட்டியபடி இருந்தது, இயக்கும் பொத்தானை யாரும் அழுத்தவில்லை.

சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளோடு ஓப்பன்டிகிம் அல்லது ஆர்ஸ்பேம்டி என்ற துணை மென்பொருளை வைத்துக் கையொப்பமிடலாம். புதிதாக அமைப்பவர்களுக்கு நான் ஆர்ஸ்பேம்டியையே சொல்வேன். சிபேனல் ஹோஸ்டிங்கில் "ஈமெயில் டெலிவரபிலிட்டி" பக்கத்தில் டிகிமுக்கான வசதி இருக்கிறது. ஆனால் சொந்த சர்வரில் ரகசியச் சாவியைக் காப்பதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதும் உங்கள் பொறுப்பு. பத்துப் பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு இந்தச் சுமை தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

சாவி மாற்றுவதைச் சுலபமாக்குவது "செலக்டர்" என்ற ஏற்பாடு. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம், ஒரே டொமைனில் பல சாவிகள் அருகருகே வாழலாம். மெயில் சேவைக்கு ஒன்று, பில் மென்பொருளுக்கு ஒன்று, விளம்பர நிறுவனத்துக்கு ஒன்று. விளம்பர நிறுவனத்தோடு உறவு முறிந்தால் அந்த ஒரு சாவியை மட்டும் பிடுங்கிவிடலாம், மற்றவை அசையாது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு டிகிமின் பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். கையொப்பம் இருந்தால் அது உண்மையா என்று சரிபார்க்கலாம். கையொப்பமே இல்லாவிட்டால்? டிகிமுக்கு அதில் சொல்வதற்கு எதுவும் இல்லை. திருடன் உங்கள் கையொப்பத்தைப் போலியாகப் போட முயலவே மாட்டான், கையொப்பம் இல்லாமல் அனுப்புவான். அல்லது தன் டொமைனின் கையொப்பத்தைப் போட்டு அனுப்புவான், அதுவும் "பாஸ்" ஆகும். கையொப்பமில்லாத கடிதத்தை மறுக்க வேண்டும் என்று பெறுநருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

டிமார்க்: "என் முத்திரை இல்லாததை உள்ளே விடாதே"

அந்த வாக்கியத்தை டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பதுதான் டிமார்க். கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட், பேபால் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து 2012 ஜனவரியில் அறிவித்தன, 2015இல் வரையறை ஆவணமாக வெளிவந்தது. அது செய்யும் முதல் காரியம் உறையையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. தாளில் தெரியும் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகிமில் தேறிய டொமைனும் பொருந்த வேண்டும். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். ஹாம்பர்க் போன கள்ள மெயில் எஸ்பிஎஃப்பில் தேறியது, ஆனால் தேறியது திருடனின் டொமைன். தாளில் இருந்தது நண்பருடையது. டிமார்க் இருந்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

இரண்டாவது காரியம், பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று உத்தரவிடுவது. "நன்" என்றால் ஒன்றும் செய்யாதே, எனக்குத் தகவல் மட்டும் கொடு. "குவாரன்டைன்" என்றால் ஸ்பேமில் தள்ளு. "ரிஜெக்ட்" என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. மூன்றாவது காரியம் அறிக்கை. உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த ஐபியிலிருந்து எத்தனை மெயில் வந்தது, எவை தேறின என்று பெரிய மெயில் நிறுவனங்கள் நாள்தோறும் உங்களுக்கு எழுதும். வேறு டொமைனில் இருக்கும் முகவரிக்கு அறிக்கையைத் திருப்பினால், அந்த டொமைன் தன் டிஎன்எஸ்ஸில் சம்மதம் தெரிவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறிக்கை வராது.

பல நிறுவனங்கள் "நன்" போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கின்றன. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் (கூகுளின் கணக்கில் ஒரு நாளைக்கு சுமார் 5000 அல்லது அதற்கு மேல்) எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் விதித்தன. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் தன் அவுட்லுக் மெயில்பெட்டிகளுக்கு அதையே விதித்தது. அந்த விதியை நிறைவேற்ற "நன்" போதும். ஆனால் கள்ள மெயிலைத் தடுக்க அது போதவே போதாது. வாசலில் காவலாளியை நிறுத்தி, யார் வந்தாலும் உள்ளே விடு, பெயரை மட்டும் நோட்டில் எழுதிக்கொள் என்று சொல்வதில் என்ன பாதுகாப்பு?

அதற்காக முதல் நாளே "ரிஜெக்ட்" போடுவதும் தவறு. 2014 ஏப்ரலில் யாஹூ தன் பயனர் முகவரிகளுக்கு ஒரே நாளில் "ரிஜெக்ட்" போட்டது. கூட்டு அஞ்சல் குழுக்கள் பல திணறிப்போயின. குழுவின் சர்வர் கடிதத்தின் கீழே இரண்டு வரி சேர்த்து அனுப்பும், அதனால் டிகிம் உடையும், எஸ்பிஎஃப்பும் பொருந்தாது. யாஹூ உறுப்பினர் எழுதிய கடிதம் மற்றவர்களிடமிருந்து திரும்பி வந்தது, திரும்பி வந்ததால் ஒரு தவறும் செய்யாத மற்ற உறுப்பினர்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். இத்தகைய இடைத்தரகு சர்வர்களுக்காக 2019இல் ஆர்க் என்ற முறை வந்தது. உதவுகிறது, ஆனால் அது பெறுகிற பக்கத்து ஏற்பாடு, நம் கையில் இல்லை.

சரியான நடை படிப்படியானது. அமெரிக்க அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2017 அக்டோபரில் அந்த அரசின் சிவில் துறைகள் எல்லாவற்றுக்கும் இட்ட உத்தரவு, "ரிஜெக்ட்" நிலையை எட்ட ஓராண்டு தந்தது. சிறு நிறுவனத்துக்கு ஓராண்டு வேண்டாம், மூன்று மாதம் தாராளம். முதல் மாதம் "நன்" போட்டு அறிக்கைகளைப் படிக்க வேண்டும். அந்த அறிக்கைகள் சுருக்கிக் கட்டிய எக்ஸ்எம்எல் கோப்புகள், கண்ணால் படிப்பது வேதனை. அவற்றை அட்டவணையாக்கித் தரும் இலவசச் சேவைகள் இருக்கின்றன. நண்பரின் முதல் வார அறிக்கையில் முகம் தெரியாத ஓர் ஐபி வந்துகொண்டே இருந்தது. திருடன் என்று பதறினோம். கடைசியில் அது அவர்களே மறந்துபோன சம்பளச் சீட்டு மென்பொருள், மாதா மாதம் ஊழியர்களுக்குக் கம்பெனி முகவரியில் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. முதல் நாளே "ரிஜெக்ட்" போட்டிருந்தால் எழுபது பேருக்குச் சம்பளச் சீட்டு போயிருக்காது. அதற்கும் ஒரு டிகிம் சாவி கொடுத்து, இரண்டாம் மாதம் "குவாரன்டைன்", மூன்றாம் மாதம் "ரிஜெக்ட்" என்று போனோம்.

இந்த நிலையில் எஸ்பிஎஃப்பின் கடைசிச் சொல்லையும் தளர்த்தி வைப்பது நல்லது. பட்டியலில் இல்லாததை முற்றாக மறு என்னும் பொருளில் "மைனஸ் ஆல்" என்று கண்டிப்பாக எழுதினால், டிகிமைப் பார்க்கும் முன்பே சில சர்வர்கள் கதவைச் சாத்திவிடும். ஃபார்வர்டு ஆன நல்ல கடிதம் அதில் அடிபடும். சந்தேகத்தோடு பார் என்று மட்டும் சொல்லும் "டில்டே ஆல்" எழுதி, தீர்ப்பை டிமார்க்கிடம் விட்டுவிடுங்கள்.

எஸ்மைமும் பிஜிபியும் யாருக்கு?

டொமைன் முத்திரை போதாது, எழுதியவர் இன்னார்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்றால் எஸ்மைம் அல்லது பிஜிபி. கையொப்பம் சர்வரில் நிகழாமல் அனுப்புகிறவரின் கணினியிலேயே நிகழ்கிறது. எஸ்மைமுக்குச் சான்றிதழ் வாங்கி, ஆண்டுதோறும் அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, ஒவ்வொருவரின் லேப்டாப்பிலும் ஃபோனிலும் ஏற்ற வேண்டும். அவுட்லுக்கில் அடையாளக் குறி தெரியும், பல இடங்களில் தெரியாது. முக்கியமாக, கையொப்பம் இல்லாத கள்ள மெயிலை இது தடுப்பதில்லை. பெறுகிறவர் "இன்று குறி இல்லையே" என்று தானாகக் கவனித்தால்தான் உண்டு. வழக்கறிஞர் அலுவலகம், நிதித்துறை என்று ஒருசிலருக்குப் பொருத்தம். பிஜிபி அதைவிடக் கைவேலை, பத்திரிகையாளர்களும் மென்பொருள் உருவாக்குநர்களும் பயன்படுத்துகிறார்கள். ஏற்றுமதி பில் அனுப்பும் அலுவலகத்துக்கு இரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை.

டோக்கனை வைத்து பில் பிடிஎஃப்பிலேயே கையொப்பமிடலாமே என்று நண்பர் கேட்டார். போடலாம், தவறில்லை. ஆனால் ஈ-ஆதார் பிடிஎஃப்பைத் திறந்தால் ஒரு மஞ்சள் கேள்விக்குறி தெரியுமே, அதுபோன்ற ஒன்றுதான் வெளிநாட்டுப் பையருக்கும் தெரிய வாய்ப்பு அதிகம். அவரை அது குழப்பும்.

ஆக, என் தேர்வு

கூகுள், மைக்ரோசாஃப்ட், சோஹோ போன்ற சேவையில் மெயில் வைத்திருப்பவர்கள்: 2048 பிட் டிகிமை இன்று மாலைக்குள் இயக்குங்கள், கையொப்பத்தில் உங்கள் டொமைன் பெயர்தான் இருக்கிறதா என்று ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி "ஷோ ஒரிஜினல்" பார்த்து உறுதி செய்யுங்கள், "நன்" நிலையில் டிமார்க்கைத் தொடங்குங்கள். மூன்று மாதத்தில் "ரிஜெக்ட்". ஷேர்டு ஹோஸ்டிங் மெயிலில் இருப்பவர்கள் அங்கே டிகிம் ஒழுங்காக இயங்கினால் இருக்கலாம், இல்லையென்றால் மெயிலை மட்டுமாவது வேறு சேவைக்குக் கொண்டுபோங்கள். ஆயிரக்கணக்கில் விளம்பர மெயில் அனுப்புகிறவர்கள் அதற்கென்று ஒரு துணை டொமைன் ஒதுக்குங்கள், அங்கே கெட்டபெயர் வந்தாலும் பில் போகும் டொமைனை அதிகம் பாதிக்காது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "ஆர்" எழுத்தையும் "என்" எழுத்தையும் ஒட்டி எழுதி "எம்" போலக் காட்டும் ஒத்த உருவ டொமைனை ஒருவன் வாங்கி, அதற்கு முறையாக டிகிமும் டிமார்க்கும் வைத்து அனுப்பினால் இந்த மூன்றும் அதைத் தடுக்காது. உண்மையிலேயே பாஸ்வேர்டு திருடுபோய் உங்கள் மெயில்பெட்டியிலிருந்தே கடிதம் போனாலும் தடுக்காது, அதில் உங்கள் சொந்தக் கையொப்பமே இருக்கும். அதனால் நண்பரும் பையரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: வங்கிக் கணக்கு மாற்றம் எதுவானாலும், பழைய ஒப்பந்தத்தாளில் உள்ள ஃபோன் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்புவதில்லை. ஹாம்பர்க் அம்மா சுயமாகச் செய்த காரியம் இப்போது எழுத்தில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. டாட் காம் வாங்கியபோதே டாட் இன் முகவரியையும் நண்பர் வாங்கிப் போட்டிருந்தார். அதிலிருந்து ஒரு மெயில்கூடப் போனதில்லை, அதனால் அதை யாரும் நினைத்துப் பார்க்கவுமில்லை. மெயில் அனுப்பாத டொமைனுக்குக் கற்றுக்கொள்ளும் மாதம் எதுவும் தேவையில்லை, உடையப்போகும் நல்ல கடிதமும் இல்லை. எஸ்பிஎஃப்பில் யாருக்கும் அனுமதி இல்லை என்று "மைனஸ் ஆல்" மட்டும் எழுதி, டிமார்க்கில் நேராக "ரிஜெக்ட்" போட்டோம். இரண்டு வரி, பத்து நிமிடம். நீங்களும் இப்படி வாங்கி மறந்த டொமைன் வைத்திருந்தால், மெயில் ஓடும் டொமைனைத் தொடுவதற்கு முன் அதைப் பூட்டிவிடுங்கள்.